பேச்சு வானொலி ஏன் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறது? தென்னாப்பிரிக்காவில் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

டர்பனில் பதினாறு வருடம் வானொலி விளம்பர நேரம் விற்றுப் பிழைத்தவன் நான். இப்போது அந்த வேலையில் இல்லை. ஆனாலும் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடியும்வரை வாசலில் காத்திருக்கும் பெற்றோர்கள் என்னைக் கண்டால் வானொலிப் பேச்சைத்தான் எடுப்பார்கள். "அண்ணா, அந்த ஸ்டேஷன் பேரை மாத்திட்டானாமே, மூடப்போறானா?" என்று ஆரம்பிக்கும். சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள், "இங்கே என்ன, ரேடியோவில் பாட்டே போடாமல் நாள் முழுக்கப் பேசுகிறார்கள்?" என்று கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் கீழே.

702 என்று ஒரு நிலையம் இருக்கிறது. ரேடியோவில் 702-ஐத் தேடினால் கிடைக்கவில்லையே?

கிடைக்காது. எஃப்எம் அளவுகோல் 88-இல் தொடங்கி 108-இல் முடிந்துவிடும். அந்த நிலையம் ஜோஹானஸ்பர்க்கில் 92.7-இல் வருகிறது, பிரிட்டோரியாப் பக்கம் 106-இல். பெயரில் இருக்கும் 702, அது ஒரு காலத்தில் ஒலித்த மத்திய அலையின் (மீடியம் வேவ்) எண், கிலோஹெர்ட்ஸ் கணக்கில்.

கதை 1980-இல் தொடங்குகிறது. அன்றைக்குத் தென்னாப்பிரிக்காவுக்குள் எஸ்ஏபிசி என்ற அரசு ஒலிபரப்பு நிறுவனத்தைத் தவிர வேறு யாரும் வானொலி நடத்த முடியாது. ஆனால் நிறவெறி அரசு கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கி, தானே 'சுதந்திர நாடு' என்று பட்டம் சூட்டிய ஹோம்லேண்டுகள் சில இருந்தன. அவற்றில் ஒன்றான போபுதட்ஸ்வானாவின் பெயரில் இஸ்ஸி கிர்ஷ் என்பவர் 702-ஐ ஆரம்பித்தார். மத்திய அலை எல்லைக் கோட்டைப் பார்த்து நிற்காது, ஜோஹானஸ்பர்க் முழுக்கக் கேட்டது. அரசாங்கம் தான் போட்ட வேலியில் தானே விட்ட ஓட்டை அது.

முதலில் அது பாட்டு நிலையம். எண்பதுகளில் போட்டி நிலையங்கள் எஃப்எம் ஸ்டீரியோவில் ஒலித்தபோது அடி விழுந்தது. மத்திய அலையில் பாட்டுக் கேட்டால் தகர டப்பாவுக்குள் யாரோ பாடுவது போல இருக்கும். பேச்சுக்கு அந்தக் குறை தெரியாது. 1988-இல் 702 பேச்சுக்கு மாறியதற்குக் கொள்கையைவிட இந்தத் தகர டப்பாதான் முதல் காரணம் என்பேன். நாடு கொதித்துக்கொண்டிருந்த நேரம் வேறு. கறுப்பினத்தவர் குடியிருப்பான சொவெட்டோக்காரரும் பணக்கார வெள்ளையர் பகுதியான சாண்ட்டன்காரரும் ஒரே தொலைபேசி இணைப்பில் சண்டை போட்டதை ஊரே கேட்டது.

2006-இல் எஃப்எம்முக்கு வந்தார்கள். அலைவரிசை மாறியும் எண்ணை விடவில்லை. டர்பன் கிரே ஸ்ட்ரீட்டுக்கு டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட் என்று பெயர் வைத்து எத்தனை வருடம் ஆயிற்று? நம் வீடுகளில் யாராவது கிரே ஸ்ட்ரீட் என்று சொல்வதை விட்டிருக்கிறோமா? அந்த மாதிரிதான்.

'டாக் ரேடியோ 702' என்றுதானே இருந்தது? 'டாக்' எங்கே போனது?

எடுத்துவிட்டார்கள். இப்போது வெறும் 702. கேப் டவுனில் அவர்களுடைய சகோதர நிலையம் 1997-இல் 567 மத்திய அலையில் ஆரம்பித்தது. அதன் பெயரில் மட்டும் 'டாக்' ஒட்டிக்கொண்டிருக்கிறது, கேப்டாக் என்று. முன்பு '567 கேப்டாக்' என்பார்கள், அங்கே எண் உதிர்ந்தது. ஒரே முதலாளியான பிரைமீடியா, ஒரு ஊரில் சொல்லை எடுத்து எண்ணை வைத்துக்கொண்டது, இன்னொரு ஊரில் எண்ணை எடுத்து சொல்லை வைத்துக்கொண்டது. ஜனங்கள் வாயில் எது ஒட்டியதோ அது தங்கியது.

'டாக்' என்ற சொல்லில் விளம்பரம் விற்பவனுக்கு ஒரு தொல்லை உண்டு. இருபத்தைந்து வயதுக்காரரிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் 'அப்பா காரில் கேட்பாரே, அதுவா?' என்பார். இதை வாடிக்கையாளர் அலுவலகங்களில் நானே பலமுறை பார்த்திருக்கிறேன். பெயரிலிருந்து அதை எடுத்தால், பேச்சைக் குறைக்காமலேயே இளசாகத் தெரியலாம். அப்புறம், நாளைக்கு நடுவில் கொஞ்சம் பாட்டுப் போட்டால் "பெயரிலேயே பேச்சு என்று போட்டிருக்கிறாயே" என்று யாரும் சட்டையைப் பிடிக்க மாட்டார்கள்.

947, 959, 1027 என்று எழுதுகிறார்களே, புள்ளியும் எஃப்எம்மும் என்ன ஆயின?

நல்ல கவனிப்பு. '94.7 ஹைவெல்ட் ஸ்டீரியோ' 947 ஆனது. காயா எஃப்எம் 2021-இல் காயா 959 ஆனது. 102.7-இல் இருந்த கிளாசிக் எஃப்எம் ஒரு கட்டத்தில் கிளாசிக் 1027 என்று போட்டுக்கொண்டது. 'ஸ்டீரியோ' என்பது எழுபது எண்பதுகளின் பெருமை, இன்று அதைச் சொன்னால் சிரிப்பார்கள். 'எஃப்எம்' என்பதும் அந்த வழியில்தான் போகிறது. கைபேசிச் செயலியிலும் டிஎஸ்டிவி என்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சியின் ஒலிச் சேனலிலும் கேட்பவருக்கு எஃப்எம் எதற்கு? புள்ளியை எடுத்தால் அது அலைவரிசை என்ற அர்த்தம் போய் வெறும் பெயராகிவிடுகிறது.

ஆனால் காரில் முள்ளைத் திருப்பிக் கேட்பவர் இன்னமும் ஏராளம். அதனால்தான் எண்ணை மொத்தமாக விட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. பாதி வீடு, பாதி வாசல்.

பெயர் மாறினால் முதலாளி மாறிவிட்டார் என்று அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. இரண்டும் சேர்ந்து நடந்த ஒரு பெரிய சமயம் உண்டு: 1996. அந்த வருடம் எஸ்ஏபிசி தன்னுடைய ஆறு வட்டார நிலையங்களைத் தனியாருக்கு விற்றது. ஹைவெல்ட், ஜக்கராண்டா, கேஎஃப்எம், ஓரஞ்சே, அல்கோவா, அப்புறம் நம் டர்பன் நிலையம். நம்முடையதற்கு அதுவரை ரேடியோ போர்ட் நேட்டால் என்று பெயர், 1967-இலிருந்து. அது ஈஸ்ட் கோஸ்ட் ரேடியோ ஆனது. நேட்டால் என்ற சொல்லில் காலனி வாடை அடித்தது, கடற்கரை என்றால் யாருக்கும் கோபமில்லை. தனியார் வானொலித் தொழில் என்று நாம் இன்று சொல்வது ஏறக்குறைய அந்த விற்பனையில் பிறந்ததுதான்.

வெளிநாட்டுக்காரர் வாங்கிவிட்டாரோ என்று சிலர் கேட்கிறார்கள். வணிக ஒலிபரப்பு உரிமத்தில் வெளிநாட்டுப் பங்கு 20 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்று 2005-ஆம் வருடத்துச் சட்டம் சொல்கிறது. ஆகவே லண்டன்காரர் வந்து ராத்திரியோடு ராத்திரியாக முழுசாக வாங்கிப் பெயரை மாற்றினார் என்ற வாட்ஸ்அப் கதையை நம்ப வேண்டாம்.

பேச்சு நிலையம் என்று உரிமம் வாங்கிவிட்டு நாளைக்கே பாட்டு நிலையமாக மாறிவிடலாமா?

முடியாது. முடிந்திருந்தால் பாதிப் பேர் மாறியிருப்பார்கள்.

பெயர்ப் பலகை நிலையத்தின் சொத்து. எதை எவ்வளவு ஒலிபரப்புவது என்பது உரிமத்தில் எழுதியிருக்கும் நிபந்தனை. அதை மாற்ற வேண்டுமானால் ஐகாசாவிடம் திருத்தம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். ஐகாசா என்பது ஒலிபரப்பையும் தொலைபேசியையும் ஒழுங்குபடுத்த 2000-இல் உருவான ஆணையம். பெயரை மாற்றினால் அவர்களுக்கு ஒரு கடிதம், உள்ளடக்கத்தை மாற்றினால் விசாரணை, வழக்கறிஞர், காத்திருப்பு. அதனால்தான் நிலையங்கள் பெயரை இவ்வளவு தாராளமாக மாற்றுகின்றன. கையில் இருக்கும் மலிவான ஆயுதம் அது ஒன்றுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒலிபரப்பு நேரத்தில் 15 விழுக்காடு அல்லது அதற்கு மேல் பாட்டுக்குக் கொடுத்தால் உள்நாட்டு இசை விதி வந்து உட்காரும். வணிக நிலையத்துக்கு அது 35 விழுக்காடு தென்னாப்பிரிக்கப் பாட்டு. அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் பேச்சு நிலையத்துக்கு இந்தத் தலைவலி இல்லை.

அப்படியானால் ஏன் பேச்சு நிலையங்களுக்குப் பாட்டு ஆசை வருகிறது?

காசு. ஒரு மணி நேரம் பாட்டுப் போட ஒரு அறிவிப்பாளரும் ஒரு கணினியும் போதும், பாட்டுக்கு சாம்ரோ போன்ற இசை உரிமை அமைப்புகளுக்கு உரிமத்தொகை கட்டினால் சரி. ஒரு மணி நேரம் பேச அறிவிப்பாளர், தயாரிப்பாளர், விருந்தினரைப் பிடித்துத் தருபவர், வரும் அழைப்புகளைச் சலித்து அனுப்புபவர், செய்தி அறையில் நான்கு பேர். எதிலாவது வாய் தவறினால் வழக்கு. பேச்சு வானொலி என்பது தினமும் சமைக்கும் வீடு. பாட்டு வானொலி டிஃபின் கடையில் வாங்கிக்கொள்ளும் வீடு.

இதற்கு எதிரில் ஒரு நன்மை. பேச்சு கேட்பவர் காதைக் கொடுத்துக் கேட்கிறார், பின்னணியில் ஓடவிடுவதில்லை. அறிவிப்பாளர் தன் குரலிலேயே படிக்கும் விளம்பரத்துக்கு நான் பதிவுசெய்த விளம்பரத்தைவிட அதிக விலை கேட்பேன், கொடுப்பார்கள். வங்கி, காப்பீடு, கார் கம்பெனி எல்லாம் அதற்காகத்தான் வரும்.

இரவில் 702-இலும் கேப்டாக்கிலும் ஒரே ஆள் பேசுகிறாரே?

மேலே சொன்ன சமையல் செலவுதான். இரண்டு வீட்டுக்கு ஒரே அடுப்பு. சில மணி நேரங்களுக்கு ஒரே நிகழ்ச்சி இரண்டு ஊருக்கும் போகும். கேப் டவுன்காரர்கள் "எங்கள் ஊர் தண்ணீர்ப் பிரச்சினை பேசும்போது ஜோஹானஸ்பர்க் டிராஃபிக் ஏன்?" என்று முணுமுணுப்பார்கள். நியாயமான முணுமுணுப்பு. என்னைக் கேட்டால், பெயரும் சின்னமும் மாறுவதைவிட இதுதான் உண்மையான மாற்றம். ஒரு நிலையம் மாறிவிட்டதா என்று தெரிய வேண்டுமானால் புதுச் சின்னத்தைப் பார்க்காதீர்கள். ஒரு பேப்பர் எடுத்து ஒரு நாள் எழுதிப் பாருங்கள்: மணிக்கு எத்தனை நிமிடம் பேச்சு, எத்தனை நிமிடம் விளம்பரம், எத்தனை அழைப்பு, உங்கள் ஊர் பற்றி எத்தனை.

பெயர் மாறி ஆளே மாறிய நிலையம் உண்டா?

உண்டு. 102.7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1997-இல் மேற்கத்திய சாஸ்திரிய இசைக்கென்று கிளாசிக் எஃப்எம் வந்தது. கூடவே வணிகச் செய்திப் பேச்சும் இருந்தது. 2019-இல் பண நெருக்கடியில் நிறுவனத்தை மீட்பு நடவடிக்கைக்குக் கொண்டுபோனார்கள். பெயர் கிளாசிக் 1027 ஆனது, இசை மெல்ல மெல்லப் பழைய ஆங்கில ஹிட் பாட்டுகளுக்கு நழுவியது. 2021 ஜூலையில் ஹாட் 102.7 என்று முழுசாக மாறிவிட்டது. 91.9-இல் சமூக வானொலியாக நடத்திக்கொண்டிருந்த ஹாட் குழு அந்த அலைவரிசைக்குக் குடிவந்தது. ஒரு வீட்டில் மூன்று குடும்பம் மாறியது போல. பீத்தோவன் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரு நாள் காலையில் ரேடியோவைப் போட்டுவிட்டு ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போயிருப்பார்.

ஜான் ராபி போன பிறகு 702 அதே நிலையமா?

அறிவிப்பாளர் மாறுவது பெயர் மாறுவதைவிடப் பெரிய அதிர்ச்சி, ஒத்துக்கொள்கிறேன். அயர்லாந்து ரக்பி வீரராக இருந்து இங்கே வந்து குடியேறிய ராபி, 2016 டிசம்பரில் காலை நிகழ்ச்சியிலிருந்து விடைபெற்றார். அவருக்குப் பின் க்ஸோலானி க்வாலா வந்தார். தெளிவான, மரியாதையான, விடாத கேள்விக்காரர். புற்றுநோய் அவரை 2019-இல் கொண்டுபோய்விட்டது. பிறகு போங்கானி பிங்வா. பேச்சு நிலையத்தின் உண்மையான பிராண்ட் காலை ஆறு மணிக்கு வரும் அந்தக் குரல்தான். சின்னம் வரைபவர்களுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியை அந்த நாற்காலிக்கு ஆள் தேடச் செலவழித்தால் தேவலை என்று அன்றே கூட்டங்களில் சொல்லி முறைப்பை வாங்கியிருக்கிறேன்.

டர்பனில் 702 போல ஒன்று ஏன் இல்லை?

முழுநேரப் பேச்சுக்கென்று அப்படி ஒரு தனியார் நிலையம் இங்கே வேரூன்றவில்லை. பெரிய விளம்பர நிறுவனங்களும் தலைமை அலுவலகங்களும் ஜோஹானஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்தில். 2013-இல் பவர் 98.7 என்ற பேச்சு நிலையத்தைக் கிவன் ம்காரி ஆரம்பித்தபோதும் ஜோஹானஸ்பர்க்கில்தான் ஆரம்பித்தார். இங்கே ஜனங்கள் ஜூலு, ஆங்கிலம் என்று பிரிந்திருக்கிறார்கள், ஜூலுப் பேச்சுக்கு எஸ்ஏபிசியின் உகோஜி எஃப்எம் ஒரு மலை போல உட்கார்ந்திருக்கிறது. தனியார் நிலையங்கள் இசைப் பக்கம் போய்விட்டன. பி4 என்று வந்த நிலையம் பிறகு ககாசி ஆயிற்று.

ஒரு பழைய ருசி மட்டும் நமக்கு உண்டு. டிரான்ஸ்கெய் ஹோம்லேண்டிலிருந்து 1979 முதல் 1996 வரை ஒலித்த கேப்பிட்டல் ரேடியோ, மத்திய அலை 604. பாட்டு நிலையம்தான், ஆனால் எஸ்ஏபிசி சொல்லாத செய்தியை அது சொல்லும். என் அப்பா வெஸ்ட்கிளிஃபில் சமையலறை ஜன்னலோரம் ரேடியோவைச் சாய்த்து வைத்து, ஒரு கையில் டீயும் மறு கையில் ஆண்டெனாவுமாக அந்தச் செய்திக்காக நின்றது ஞாபகம் இருக்கிறது. ஆண்டெனாவை விட்டால் குரல் போய்விடும் என்று அவருக்கு நம்பிக்கை. மத்திய அலைக்கு அந்தக் கம்பி வேலை செய்யாது என்று பின்னால் தெரிந்துகொண்டேன், அவரிடம் சொல்லவில்லை.

லோட்டஸ் எஃப்எம் தனியார் நிலையமா? அதுவும் பெயர் மாறியதுதானே?

தனியார் இல்லை, இந்திய வம்சாவளியினருக்கான எஸ்ஏபிசியின் பொதுச்சேவை நிலையம். விளம்பரம் வருவதால் குழப்பம். 1983 ஜனவரியில் ரேடியோ லோட்டஸ் என்று ஆரம்பித்தது. அதற்கு முன் நம்மவர்கள் ஸ்வாசிலாந்திலிருந்து வந்த ட்ரூரோ ரேடியோவைத் தேடிப் பிடித்து இந்தியப் பாட்டுக் கேட்டார்கள். 1860-இல் சென்னையிலிருந்து நம் முன்னோரை டர்பனுக்கு ஏற்றிவந்த கப்பலின் பெயர் ட்ரூரோ என்பது தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயரே ஒரு தாளம்.

ரேடியோ லோட்டஸ், லோட்டஸ் எஃப்எம் ஆனபோது யாரும் அழவில்லை. கலகம் வந்தது 2016-இல், பெயரைத் தொடாமலே. அந்த வருடம் மே மாதம் எஸ்ஏபிசி தன் எல்லா நிலையங்களும் 90 விழுக்காடு உள்நாட்டு இசை போட வேண்டும் என்று உத்தரவிட்டது. தமிழ்ப் படப் பாட்டும் இந்திப் பாட்டும் எங்கே போகும்? கேட்பவர்கள் கூட்டமாக விலகினார்கள், அடுத்த வருடம் உத்தரவு பின்வாங்கியது. அதே பெயர், அதே சின்னம், அதே அலைவரிசை, ஆனால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அது வேறு நிலையமாகிவிட்டது. உள்ளூர் இந்தியக் கலைஞர்களுக்கு அந்த நாட்களில் கொஞ்சம் வாய்ப்புக் கிடைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ராம்ஸ் என்ற கணக்கெடுப்பு. இப்போது பிஆர்சி என்ற ஒலிபரப்பு ஆய்வுக் குழு அதை நடத்துகிறது. பல வருடங்களாக வீடுகளில் ஒரு நாட்குறிப்பைக் கொடுத்து, எந்த நேரம் எந்த நிலையம் கேட்டீர்கள் என்று எழுதச் சொல்லும் முறை இருந்தது. கேட்டது முக்கியமில்லை, கேட்டதாக ஞாபகம் இருப்பது முக்கியம். பெயர் மாற்றத்தில் முதலாளிகள் பயப்படும் இடமும் அதுவே. அதனால்தான் ஒரு நிலையம் பெயர் மாறியதும் மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை தன் பெயரைத் தானே கூவும். எரிச்சலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், நாலைந்து மாதத்தில் அடங்கும்.

என் கடைக்கு விளம்பரம் கொடுத்திருக்கிறேன். நிலையம் பெயர் மாறினால் எனக்கு நஷ்டமா?

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஃபீனிக்ஸில் மசாலாக் கடை வைத்திருக்கும் என் மச்சானுக்கு ஒரு நிலையத்தில் முப்பது விநாடி விளம்பரம் வாங்கிக் கொடுத்தேன். நிலையத்தின் பெயரைச் சொன்னால் பத்து விழுக்காடு தள்ளுபடி. மூன்றாவது வாரம் நிலையம் பெயரை மாற்றிக்கொண்டது. விளம்பரம் பழைய பெயரிலேயே ஓடியது. கடைக்கு வந்தவர்கள் புதுப் பெயரைச் சொன்னார்கள். கல்லாவில் இருந்த பெண் பிள்ளை சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டி, "ஆன்ட்டி, இந்தப் பேர் இதில் இல்லையே" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு ஒன்பது நாள். மச்சான் என்னை எப்படித் திட்டினார் என்று இங்கே எழுத முடியாது.

ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு வரி கேளுங்கள்: நிலையத்தின் பெயரோ நிகழ்ச்சியோ அறிவிப்பாளரோ மாறினால் விளம்பரத்தை அவர்கள் செலவில் மறுபடி பதிவு செய்ய வேண்டும், அல்லது மீதி நாட்களை ரத்து செய்யலாம். கேட்டால் கொடுப்பார்கள். கேட்காதவருக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள், நானும் கொடுத்ததில்லை.

நிகழ்ச்சியில் நம் மதத்தையோ சமூகத்தையோ இழிவாகப் பேசினால்?

பிசிசிஎஸ்ஏ என்ற ஒலிபரப்புப் புகார் ஆணையத்துக்கு எழுதலாம், 1993-இலிருந்து இருக்கிறது. நிலையம், தேதி, மணி, சொன்ன வாசகம் நான்கும் வேண்டும். பழைய பெயரைப் போட்டு எழுதினாலும் தள்ளமாட்டார்கள், ஆனால் மணியை விட்டுவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

தமிழில் ஒரு தனியார் பேச்சு நிலையம் வருமா?

ஆசை எனக்கும் உண்டு. விற்றவன் என்ற முறையில் சொன்னால், வராது. இங்கே தமிழ் வம்சாவளியினர் நிறைய, தமிழில் ஒரு மணி நேர விவாதத்தைத் தொடர்ந்து கேட்கக் கூடியவர் குறைவு. காவடிக்கு வரும் கூட்டத்தை எண்ணி விளம்பரக் கணக்குப் போட முடியாது. எஃப்எம் உரிமமும் கடைச்சரக்கு இல்லை, ஐகாசா அழைப்பு விட்டால்தான் விண்ணப்பிக்கலாம். பாட்காஸ்டாகத் தொடங்குங்கள். வகுப்பில் இருக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை வைத்து அவர்கள் தாத்தா பாட்டியைப் பேச வையுங்கள், ஆங்கிலம் கலந்தாலும் பரவாயில்லை. ஒலிவாங்கி வாங்குவதைப் பற்றிக் கேட்க வருகிறவர்களுக்கு நான் சனிக்கிழமை வாசலில்தான் நிற்பேன்.

நிலையம் பெயர் மாறினால் ரேடியோவில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

அலைவரிசை மாறாதவரை ஒன்றுமே வேண்டாம். செயலியில் கேட்பவர் மட்டும் புதுப் பெயரில் தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

என் ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. ரேடியோக் கண்ணாடிமேல் அக்காவின் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்திருந்தோம். முள் அந்தப் புள்ளிக்கு வந்தால் தமிழ்ப் பாட்டு. கடைசிவரை அவருக்கு அது ரேடியோ லோட்டஸும் இல்லை, லோட்டஸ் எஃப்எம்மும் இல்லை. "டேய், செவப்பைப் போடுடா" என்பார்.